மன்னார்க் கடலோரம் – 17: மதராஸை விட்டுப் பிரிந்த நாள்

மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கி, வரிசையில் நிற்கிற ஓட்டோக்காரரிடம் மாவட்டச் செயலகத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் யோசித்துவிட்டு, "கச்சேரிக்கா?" என்று கேட்பார். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது கச்சேரிதான். காணிப் பிரச்சினை என்றாலும் நிவாரணம் என்றாலும் சனம் போய் நிற்பது கச்சேரி வாசலில். தமிழ்நாட்டு வாசகருக்குக் கச்சேரி என்றால் பாட்டும் மிருதங்கமும் நினைவுக்கு வரும். அங்கேயும் ஒரு காலத்தில் அது அரசாங்க அலுவலகத்தின் பெயர்தான். மயிலாப்பூரில் கச்சேரி ரோடு இன்னும் இருக்கிறது. காலம் போகப்போக அங்கே கலெக்டர் தங்கிவிட்டார், கச்சேரி போய்விட்டது. இங்கே கலெக்டர் 1833-க்குப் பிறகு அரசாங்க அதிபராகிவிட்டார், கச்சேரி தங்கிவிட்டது. பாகம் பிரித்தபோது வீட்டுச் சாமானை அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றுமாக எடுத்துக்கொண்டு போனதுபோல.

அந்தப் பாகப்பிரிவினைதான் இந்த இதழின் கதை. 1802 ஜனவரி 1-ஆம் திகதி இலங்கையின் கரையோர மாகாணங்கள் கிழக்கிந்தியக் கும்பனியின் பிடியிலிருந்து முறைப்படி விலகி, பிரித்தானிய முடியின் நேரடிக் குடியேற்ற நாடாயின. மதராஸோடு இருந்த ஆட்சித் தொடர்பு அன்றோடு அறுந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற செய்தி. மன்னாரில் நின்று பார்க்கிறவனுக்கு அது ஒரு வரியில் அடங்காது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே கிடக்கிற கடலை இரண்டு ஆட்சிகளுக்கு நடுவிலுள்ள எல்லையாக ஆங்கிலேயர் காகிதத்தில் எழுதியது அந்த நாளில்தான்.

சென்ற இதழில் 1795 ஒக்டோபரில் ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையை விட்டுக்கொடுத்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். படை மதராஸிலிருந்து வந்தது. அனுப்பியவர் மதராஸ் ஆளுநர் ஹோபார்ட் பிரபு. ஓகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பர் இறுதியில் யாழ்ப்பாணம், அடுத்த வாரமே மன்னார், 1796 பெப்ரவரியில் கொழும்பு என்று அரை ஆண்டுக்குள் எல்லாம் முடிந்தது. பிடித்த நிலத்தை யார் ஆள்வது என்ற கேள்விக்கு அப்போதைக்குக் கிடைத்த பதில், படை அனுப்பியவரே ஆளட்டும் என்பது. ஐரோப்பாவில் சமாதானம் வந்தால் இலங்கையை ஒல்லாந்தருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டி வரலாம் என்ற நினைப்பும் கும்பனிக்கு இருந்தது. திருப்பிக் கொடுக்கப்போகிற தோட்டத்தில் எவன் மரம் நடுவான்? காய் பறிக்கத்தான் பார்ப்பான்.

வருமானத்துக்குப் பொறுப்பாக வந்தவர் ரொபர்ட் அன்ட்ரூஸ் என்ற மதராஸ் அதிகாரி. ஒல்லாந்தர் காலத்தில் முதலியார்களும் மற்றத் தலைமைக்காரரும்தான் அரசுக்கும் குடிக்கும் நடுவில் நின்றார்கள். சம்பளத்துக்குப் பதிலாக அவர்களுக்குக் காணி இருந்தது. குடிகள் வரியாகக் கொடுத்ததைவிட ஊழியமாகச் செய்து கழித்தது அதிகம். அந்த ஒழுங்கில் கொடுமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தச் சாதி எந்த வேலைக்குக் கடமைப்பட்டது, எந்தக் காணி யாருக்கு என்பது தலைமுறை தலைமுறையாகச் சனத்துக்கு மனப்பாடம். அன்ட்ரூஸ் அதை ஒரே அடியில் புரட்டினார். முதலியார்களை ஒதுக்கிவிட்டு, மதராஸிலிருந்து வரி தண்டும் அமில்தார்களையும் மொழிபெயர்க்கும் துபாஷிகளையும் இறக்கினார். ஊழியத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வரியை வைத்தார். தென்னைக்கு மரக்கணக்கில் வரி என்றார்.

தென்னை வரி என்ற இரண்டு சொல்லை இலேசாகத் தாண்டிப் போகக்கூடாது. தெற்கே கரையோரச் சிங்களக் குடியானவனுக்குத் தென்னைதான் சோறு, விளக்கு, கூரை, கயிறு, கலியாணச் செலவு. வடக்கே நமக்குப் பனை எப்படியோ அப்படி. வாசலில் நிற்கிற மரத்தை ஊர் பேர் தெரியாத ஒருவன் வந்து எண்ணி, ஏட்டில் பதிந்து, காசாகக் கட்டு என்கிறான். காய் விற்றுக் காசு பார்த்துப் பழக்கமில்லாதவன் எங்கே போவான்? 1796 கடைசியிலும் 1797-இலும் கொழும்பைச் சுற்றிய கோறளைகளில் கலகம் வெடித்தது. முதலியார்கள் பின்னால் நின்றார்கள், குடியானவர்கள் முன்னால் நின்றார்கள். சிப்பாய்ப் படை அனுப்பித்தான் அடக்க முடிந்தது.

மதராஸ் ஆட்சியைப் பற்றி இந்தத் தீவின் சனம் சொன்ன அபிப்பிராயம் இதுதான். பிரிவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். யாரும் அவர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. தென்னந்தோப்பில் நின்று தாங்களாகவே சொன்னார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வந்த அமில்தார்களில் பலர் தென்னிந்தியர். அந்தக் கலகத்தைச் சிங்களவர் தமிழருக்கு எதிராக எழுந்த கதையாக இன்று திருப்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தவறாகவே படுகிறது. தண்டல் ஏட்டோடு வருகிற அந்நியனை வடபகுதித் தமிழனும் விரும்பவில்லை. ஒரே மொழி பேசினாலும், நம் ஊர் வழமை தெரியாதவன் நம் காணியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் வயிறு எரியத்தான் செய்யும்.

மதராஸ் அரசாங்கம் 1797-இல் விசாரணைக்குழு ஒன்றை வைத்தது. அதன் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் டி மெரோன். அவர் சுவிட்சர்லாந்துக்காரர், ஒல்லாந்தர் கூலிக்கு வைத்திருந்த படைப்பிரிவோடு இலங்கைக்கு வந்து, அந்தப் படைப்பிரிவே ஆங்கிலேயர் பக்கம் மாறியபோது தானும் மாறியவர். இரண்டு ஆட்சியையும் உள்ளேயிருந்து பார்த்த ஆள் என்பதால் நோய் எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்கு நாள் பிடிக்கவில்லை. தென்னை வரி போகவேண்டும், அமில்தார்கள் போகவேண்டும், முதலியார்கள் திரும்ப வரவேண்டும் என்று குழு சொல்லிற்று. குழுவில் அன்ட்ரூசும் ஓர் உறுப்பினர். தான் கட்டியதைத் தானே இடிக்கச் சொல்லும் ஏட்டில் அவர் பெயரும் இருந்தது.

இலண்டனில் ஹென்றி டண்டாஸ் என்ற அமைச்சர் இதற்குள் முடிவுக்கு வந்திருந்தார். திருகோணமலைத் துறைமுகம் கையிலிருக்கவேண்டும், கறுவா கையிலிருக்கவேண்டும், ஆகவே இலங்கை முடியின் கீழ் வரட்டும் என்பது அவர் எண்ணம். கும்பனி விடுமா? போர்ச் செலவு எங்களுடையது, வருமானம் எங்களுக்கு என்று மல்லுக்கு நின்றது. கடைசியில் இரண்டுங்கெட்டான் ஏற்பாடு ஒன்று பிறந்தது. 1798 ஒக்டோபரில் பிரெட்ரிக் நோர்த் ஆளுநராகக் கொழும்பில் இறங்கினார். நியமித்தது மன்னர், ஆனால் வருமானத்திலும் வணிகத்திலும் அவர் கும்பனிக்கும் இந்தியாவிலிருந்த தலைமை ஆளுநருக்கும் கட்டுப்பட்டவர். கீழே வேலை செய்தவர்கள் மதராஸ் அதிகாரிகள். அவர்களுக்கு நோர்த் வேண்டாத விருந்தாளி.

கும்பனி அப்படி மல்லுக்கு நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்று நம்முடைய மன்னார்க் கடலில் கிடந்தது.

அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் மேற்கே, கரையிலிருந்து பல மைல் தள்ளி, கடலடியில் முத்துச்சிப்பிப் பார்கள் இருக்கின்றன. பெரியபார், செவல்பார், மோதரகம்பார் என்று கடலோடிகள் அவற்றைப் பேர் சொல்லி அழைப்பார்கள். ஒல்லாந்தருக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் உரிமைத் தகராறு முற்றியதில் 1768-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டு யாரும் தொடாத கடல். 1796-இல் ஆங்கிலேயர் அதைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டும் குளித்தார்கள். அதற்கடுத்த ஆண்டும் குளித்தார்கள். 1798-இல் மட்டும் கிடைத்தது ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பவுண் அளவில். மூன்று ஆண்டும் சேர்த்து மூன்று இலட்சம் பவுணைத் தாண்டியது. பிரிட்டனுக்கும் மதராஸுக்கும் நடுவில் ஓர் இழுபறி நடந்தது என்றால், கயிற்றின் நடுமுடிச்சு மன்னார்.

முத்துக்குளிப்புக் காலத்தில் கொண்டச்சிக் கரை எப்படி இருந்திருக்கும்? ஆண்டு முழுவதும் மணலும் முட்புதரும் கிடக்கிற இடம். குடிக்க நல்ல தண்ணீர்கூட இல்லை, அரிப்பிலிருந்து கொண்டுவரவேண்டும். பெப்ரவரி கடைசியில் அங்கே ஓலைக்கொட்டில்களால் ஒரு பட்டணம் எழும்பும். தூத்துக்குடிப் பரதவர் வருவார்கள், கீழக்கரை முஸ்லிம் குளியாட்கள் வருவார்கள், மலையாளக் கரையிலிருந்தும் ஆள் வரும். செட்டிமார், முத்து அரிக்கிறவர், துளைக்கிறவர், சாராயம் விற்கிறவர், பிச்சைக்காரர், சாமியார் என்று பல்லாயிரம் பேர். இரவு பத்து மணியளவில் அரிப்பில் ஒரு பீரங்கி வெடிக்கும். கரைக்காற்றில் தோணிகள் எல்லாம் ஒன்றாகப் பாய் விரிக்கும். விடியும்போது பாரின்மேல் நிற்கும்.

ஒரு தோணியில் இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள். அதில் பத்துப் பேர் குளியாட்கள். அவர்களுக்கு ஐந்து கல். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், ஒருவர் மாறி ஒருவர். கூம்பு வடிவில் செதுக்கி, நுனியில் துளையிட்டுக் கயிறு கோத்த கல் அது. குளியாள் வலது கால்விரல்களால் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொள்வான். ஒரு கையால் மூக்கைப் பொத்துவான். கல் அவனை அடிக்குக் கொண்டுபோகும். மேலே நிற்கிறவன் கல்லை இழுத்துக்கொள்வான். கீழே இருப்பவனுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் வாரி வலைப்பைக்குள் போட்டுக் கயிற்றைச் சுண்டுவான். நடுப்பகலில் கடற்காற்று திரும்பும்வரை இது ஓயாது. சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் கரையில் கடல்கட்டி மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் இல்லாமல் குளியாள் கடலில் இறங்கமாட்டான். குளியாட்களில் பலர் கத்தோலிக்கர், சிலர் முஸ்லிம்கள், கடல்கட்டி இந்து. அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. இலண்டனில் கணக்குப் பார்த்த கனவான்களின் இலட்சம் பவுணுக்கு அடியில் கிடந்தது இந்தக் கறுத்த மனிதர்களின் ஒரு நிமிட மூச்சு.

மூன்று ஆண்டு விடாமல் அள்ளினால் கடல் என்ன செய்யும்? சிப்பி முற்ற நாலைந்து ஆண்டு வேண்டும். 1799-இல் வருமானம் முப்பதாயிரம் பவுண் அளவுக்கு விழுந்தது. விழுந்ததோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு முத்துக்குளிப்பின் கணக்கில் முறைகேடு என்று பேச்சு எழுந்தது. நோர்த்தின் ஆட்களும் மதராஸ் அதிகாரிகளும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். ஆளுநரின் செயலாளராக இருந்த ஹியூ கிளெகோர்ன் 1800-இல் பதவியை விட்டுப் போகும்வரை அது வளர்ந்தது. ஒல்லாந்தர் படையிலிருந்து டி மெரோன் படைப்பிரிவைப் பேரம் பேசிப் பிரித்தெடுத்துக் கொழும்பு விழ வழிசெய்த மனிதர் அவர். அவரையும் நம் கரையின் சிப்பி நாற்றம் விடவில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு எசமான் இருக்க முடியாது என்பது இதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கல்கத்தாவில் இருந்த வெல்லெஸ்லி பிரபுவுக்கு இலங்கையை இந்தியாவோடு ஒட்டியே வைத்திருக்க ஆசை. அது நடக்கவில்லை.

1802 ஜனவரி 1. பிரிவு முறைப்படி நடந்தது. நோர்த் இனி கும்பனிக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. இலண்டன் அமைச்சருக்குச் சொன்னால் போதும். அந்த அமைச்சர் யார் தெரியுமா? அதே ஹோபார்ட் பிரபு. மதராஸ் ஆளுநராக இருந்து இந்தத் தீவைப் பிடிக்கப் படை அனுப்பியவர் 1801-இல் போருக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் பொறுப்பான அமைச்சராகியிருந்தார். மார்ச்சில் அமியான் உடன்படிக்கை. ஒல்லாந்தர் இலங்கையைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தார்கள். அதே மார்ச் 15-ஆம் திகதி கொழும்பில் அரசாங்க வர்த்தமானியின் முதல் இதழ் வெளிவந்தது. கும்பனி வெறுங்கையோடு போகவில்லை. ஆண்டுக்கு 60,000 பவுண் கொடுத்துக் கறுவா வாங்கி விற்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. இருபது ஆண்டு அது நீடித்தது. தனிக்குடித்தனம் வந்துவிட்டது, நகைப்பெட்டிச் சாவி மட்டும் பழைய வீட்டில்.

சனம் இதை எப்படி எடுத்துக்கொண்டது?

2020 ஜனவரி 31-ஆம் திகதி இரவு 11 மணிக்குப் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் கூட்டம் கூடிக் கொடி அசைத்தது. வேறு இடங்களில் மெழுகுவர்த்தி ஏந்தி அழுதார்கள். 1965 ஓகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த அன்று லீ குவான் யூ தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் கண்ணீரை அடக்க முடியாமல் பேச்சை நிறுத்தினார். இப்படியான படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு 1802-இன் மன்னாரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே யாரும் கொடி அசைக்கவில்லை. கொழும்பு முதலியார் வீடுகளில் நிம்மதி இருந்தது. பதவியும் மரியாதையும் திரும்பிக் கிடைத்தவர்கள் அவர்கள். மதராஸ் அதிகாரிகளில் பலர் கசப்போடு கப்பல் ஏறினார்கள். மேட்டுக்குடியின் எதிரொலி அவ்வளவுதான்.

பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வங்காலையிலும் இருந்தவர்களுக்கு அன்று காலையும் கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. சங்கு குளிக்கிறவன் சங்கு குளித்தான். சாயவேர் தோண்டுகிறவன் தோண்டினான். கட்டுக்கரைக் குளம் அப்போது உடைந்து காடாகிக் கிடந்ததால் அரிசி அக்கரையிலிருந்துதான் வரவேண்டும். தோணிகள் கொண்டுவந்து இறக்கின. இராமேஸ்வரத்துக்கு நேர்த்திக்கடன் வைத்தவர்கள் போய்வந்தார்கள். போர்த்துக்கேயர் 1560-இல் புன்னைக்காயல் பரதவரைக் கொண்டுவந்து மன்னாரில் குடியேற்றிய நாள்முதல், இரண்டு கரையிலும் கொடுப்பினை எடுப்பினை உள்ள குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு மதராஸ் என்பதும் கொழும்பு என்பதும் தூரத்துப் பட்டணங்கள். கொழும்பைவிடத் தூத்துக்குடி கிட்ட. எந்தத் துரை எந்தத் துரைக்குக் கணக்குக் காட்டுகிறான் என்பது அவர்கள் வலைக்குள் விழுகிற மீன் இல்லை.

அவர்களுடைய கருத்தை ஏட்டில் தேடிப் பயனில்லை, கடலில் தேடவேண்டும் என்பது என் எண்ணம். பிரிந்து இரண்டு ஆண்டு கழித்து, 1804-இல் நடந்த முத்துக்குளிப்பைப் பாருங்கள். ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார் நேரில் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆண்டு குத்தகையை எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் போய் இருந்து தொழில் பார்த்தவர். முப்பது நாள், நூற்றைம்பது தோணி. அதற்கு அவர் கட்ட ஒப்புக்கொண்டது மூன்று இலட்சம் பரங்கிப்பேட்டை வராகன், அன்றைய கணக்கில் 120,000 பவுண். மதராஸை விட்டுப் பிரிந்த முடிக்குரிய குடியேற்ற நாடு தன் மிகப் பெரிய குத்தகையை எந்த நாணயத்தில் பேசுகிறது பார்த்தீர்களா? பரங்கிப்பேட்டை அக்கரையில், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளியாட்கள் தூத்துக்குடியிலிருந்து வந்தார்கள், வராகன் பரங்கிப்பேட்டையின் பெயரில் வந்தது, குத்தகைக்காரர் இரண்டு கரையிலும் வீடு கண்டவர். ஆளுநர்கள் பிரிந்துபோனார்கள். கடல் பிரியவில்லை.

நோர்த்துக்கு இது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். தன் புதுக்குடித்தனத்தின் பெட்டகம் எங்கே என்று தெரிந்த மனிதர், 1801-க்கும் 1804-க்கும் நடுவில் அரிப்புக் கரையில் தனக்கென்று ஒரு மாளிகை கட்டினார். கிரேக்கத் தூண்கள் வைத்த வீடு. படத்தைத் தானே வரைந்தார். சிப்பி ஓட்டைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பூசி, சலவைக்கல்போல மினுக்கினார்கள். முத்தை எடுத்துக்கொண்டு எறிந்த ஓட்டில் கட்டிய மாளிகை. மொட்டைமாடியில் நின்றால் முத்துக்குளிப்புத் தோணிகள் தெரியும்.

நான் சென்ற ஆண்டு போனபோது அதில் பாதி கடலுக்குள் இருந்தது. செம்மண் மேட்டை அலை கீழே இருந்து அரித்துக்கொண்டே வருகிறது. ஒரு மூலைச் சுவர் அந்தரத்தில் தொங்கியது. செங்கல்லின்மேல் ஒட்டியிருந்த பூச்சைத் தடவினேன். இருநூறு ஆண்டு உப்புக்காற்றுக்குப் பிறகும் நகத்தால் சுரண்ட வரவில்லை, வழவழவென்று இருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் இது என்ன என்று கேட்டேன். "அல்லிராணிக் கோட்டை" என்றான். ஊர் முழுக்க அந்தப் பெயர்தான். நோர்த் என்ற பெயர் அங்கே எவருக்கும் வேண்டியதாக இல்லை. பாண்டி நாட்டை ஆண்டதாகவும் அருச்சுனனை மணந்ததாகவும் கதைகள் சொல்கிற அல்லியை அக்கரையிலிருந்து கூட்டிவந்து, ஆங்கிலேய ஆளுநரின் வீட்டில் குடிவைத்துவிட்டார்கள். மன்னார்ச் சனத்திடம் 1802-ஐப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால் கிடைக்கக்கூடிய பதில் இதைவிடத் தெளிவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் காகிதத்தில் எழுதிய கோட்டுக்கு அவசரமில்லை, அது காத்திருக்கும். சட்டம் வேறாயிற்று, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டம் இலங்கையில் நிலைத்தது, அக்கரையில் வேறு வழி. சுங்கம் வேறாயிற்று. பிறகு காசும் தபாலும் வேறாயின. மலைநாட்டில் கோப்பித் தோட்டக் காலம் வந்தபோது திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரப் பக்கத்துச் சனம் தோணியில் வந்து தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களை அந்தக் காடே தின்றது. தஞ்சாவூரிலிருந்து திருநெல்வேலிக்குப் பிழைக்கப்போகிறவன் அங்கே வெளிநாட்டான் ஆகமாட்டான். மதராஸோடு இலங்கை இருந்திருந்தால், மன்னார் வழியாக நடந்தவனும் அப்படித்தான் ஒரு மாகாணத்துக்குள்ளே இடம் மாறியவனாக எண்ணப்பட்டிருப்பான். பர்மாவில் நடந்ததை நினைத்தால், அதுவும் எந்நாளும் நிலைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவின் மாகாணமாக இருந்த நாடு அது. பிரிந்து ஐந்து ஆண்டில் போர் வர, அங்கிருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் மலை ஏறி நடந்து திரும்பினார்கள். ஆனாலும் இங்கே கோடு ஒரு நூற்றாண்டு முந்தியே விழுந்துவிட்டது. தோட்டத்துக்கு வந்தவன் வந்த நாளிலிருந்தே வேறு ஆட்சியின் குடி.

அதன் விலை 1948-இல் தெரிந்தது. அந்த ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. காட்டு வழியே நடந்து வந்தவனின் பேரனிடம் எந்த அத்தாட்சி இருக்கும்? மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட ஏட்டில் 975,000 பேரின் கதி எழுதப்பட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று. அவர்களில் எவரையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. 1802-இலும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் ஹட்டனிலும் நானுஓயாவிலும் சனத்தை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்படும் இரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நிற்கிறவர்களும் பெட்டிக்குள் இருக்கிறவர்களும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, வண்டி நகர நகர விடாமல் கூடவே ஓடி, செத்த வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுவார்கள். இரவு முழுக்க ஓடி, மதவாச்சியில் திரும்பி, மடுவைத் தாண்டி, காலையில் கடல் தெரியும். தலைமன்னார் இறங்குதுறையில் தகரப் பெட்டிகளைத் திறந்து காட்டவேண்டும். தேயிலைக் கொழுந்து பறித்துக் காய்த்த விரல்களால் பெண்கள் பூட்டைத் திறப்பார்கள். சுங்க அதிகாரி சேலைகளைப் புரட்டிப் பார்ப்பார். பிறகு கப்பல். எதிரே, பாட்டன் தோணி ஏறி வந்த அதே கரை.

காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் கதையை, தலைமன்னாரில் அவர்கள் இறங்கிய மணலிலிருந்து அடுத்த இதழில் தொடங்குவோம்.

(தொடரும்)